வீட்டுக்காரரிடம் கேட்டுத் தொடங்குவோம்: செட்டிநாட்டு வீடும் ஒன்பதாம் வகுப்புக் கணக்கும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற செட்டிநாட்டு ஊர்களில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு ஒரு வசதி உண்டு. வெப்பம் கடத்தல், சூரியனின் பாதை, முக்கோணவியல், மழைநீர்ச் சேமிப்பு ஆகிய பாடங்களுக்கான கற்றல் கருவி நம் தெருவிலேயே நிற்கிறது. மின்விசிறி பரவலாகாத காலத்தில் எழுந்த பெரிய வீடுகளில் சித்திரை மாத மதியத்திலும் உட்கார முடிகிறது. அதே தெருவில் அண்மையில் கட்டிய கான்கிரீட் வீட்டில் மின்விசிறி சுழன்றாலும் உட்கார முடிவதில்லை. இது ஏன் என்ற கேள்வியை வைத்து, நான் கணிதம் கற்பிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் ஆறு பாடவேளைகளில் ஒரு செயல்திட்டம் நடத்தினேன். மாணவர்கள் ஒரு சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகம்போல இயங்கினார்கள். வகுப்பு மாணவி ஒருத்தியின் குடும்பம் அப்போது வீடு கட்டத் தொடங்கவிருந்தது. அவர்களே எங்கள் வாடிக்கையாளர்கள். பிற பள்ளிகளிலும் செய்து பார்க்க ஏதுவாக அதன் படிநிலைகளை இங்கே எழுதுகிறேன்.

ஏன் இந்தச் செயல்திட்டம்?

நம் மாணவர்களின் குடும்பங்களில் பல, வாழ்நாளில் ஒரே ஒரு வீடுதான் கட்டுகின்றன. 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு 3.5 லட்சம் ரூபாய் வழங்குகிறது. அதனுடன் கையிருப்பும் கடனும் சேர்த்துக் கட்டுகிறார்கள். இத்தகைய வீடுகளுக்குத் தனியாகக் கட்டட வடிவமைப்பாளரை அமர்த்தும் வசதி எவருக்கும் இருப்பதில்லை. வீட்டுக்காரரும் மேஸ்திரியும் மனையில் நின்று பேசுவதுதான் வடிவமைப்பு. ஜன்னல் எந்தப் பக்கம், கூரை எவ்வளவு உயரம், மரத்தை வெட்டுவதா விடுவதா என்பவை சில நிமிடங்களில் முடிவாகின்றன.

அந்தச் சில நிமிட முடிவுகளோடு அந்தக் குடும்பம் 30, 40 ஆண்டுகள் வாழ வேண்டும். வயதானவர்கள் பகலெல்லாம் அந்த அறையில்தான் படுத்திருப்பார்கள். நம் மாணவர் பொதுத்தேர்வுக்குப் படிப்பதும் அந்தக் கூரையின் கீழ்தான். வீட்டில் சூடு தாங்காமல் தூங்காத பிள்ளை காலையில் வகுப்பில் தூங்குவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். எனவே மனையில் நடக்கும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளும் அளவுக்கு ஒரு மாணவருக்குக் கணக்கும் அறிவியலும் தெரிந்திருப்பது, மதிப்பெண்ணைவிடப் பெரிய பயன் என்று கருதினேன்.

முதல் பாடவேளை: செட்டிநாட்டு வீட்டைப் படித்தல்

உரியவரிடம் முன்னரே அனுமதி பெற்று, ஊரிலுள்ள ஒரு பழைய வீட்டுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றேன். அனுமதி கிடைக்காத ஊர்களில் வெளியிலிருந்து பார்த்தாலே பாதிப் பாடம் கிடைக்கும்.

இந்த வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1940கள் வரை நகரத்தார் கட்டியவை. பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் செய்த வணிகத்தில் வந்த பொருள் இவற்றில் இறங்கியது. பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் பார்த்து நாம் வியப்போம். ஆனால் மாணவர்களின் கண்ணை வேறு செய்திகளின் பக்கம் திருப்ப வேண்டும்.

முதலாவது, வீட்டின் கிடப்பு. பெரும்பாலான வீடுகள் கிழக்கு மேற்காக நீண்டு, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. குறுகிய பக்கங்களே காலை வெயிலையும் மாலை வெயிலையும் வாங்குகின்றன.

இரண்டாவது, முற்றம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீடு வரிசையாகச் செல்கிறது. வளவின் நடுவில் திறந்த முற்றம். சூடான காற்று மேலெழுந்து முற்றத்தின் வழியே வெளியேற, வாசல் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் வேறு காற்று உள்ளே வருகிறது. வெப்பச்சலனம் என்று பாடநூலில் படிப்பதை இங்கே உடலால் உணரலாம். மழைக்காலத்தில் ஓடுகளிலிருந்து இறங்கும் நீரை முற்றத்தில் அண்டா வைத்துப் பிடிப்பார்கள். எஞ்சியது வடிகால் வழியே வெளியேறும். தெருவில் ஓடும் மழைநீர் ஊருணியைச் சேரும்படி ஊரே அமைக்கப்பட்டிருந்தது.

மூன்றாவது, பொருள்கள். தடித்த செங்கல் சுவர். அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெழுகிய அந்தப் பூச்சு, நூறாண்டு கடந்தும் வழவழப்பாக இருக்கிறது. கூரையில் நாட்டு ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகள். தரையில் ஆத்தங்குடிக் கல். இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை என்பதை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். ஒரு வீட்டுக்கான ஆற்றல் கணக்கு மின்கட்டணத்தோடு முடிவதில்லை. கல்லைச் சுடுவதற்கும் சிமெண்ட் தயாரிப்பதற்கும் லாரியில் ஏற்றி வருவதற்கும் செலவாகும் ஆற்றலும் அதில் சேரும்.

இவற்றைக் குறித்துக்கொண்டபின் ஒரு கேள்வி கேட்டேன்: "இந்த வீடு ஏன் இவ்வளவு பெரியது?" பணக்காரர்கள் என்பதால் என்றார்கள். அது பாதி விடைதான். திருமணமான ஒவ்வொரு மகனும் தனிப் 'புள்ளி'. ஒவ்வொரு புள்ளிக்கும் வளவைச் சுற்றி ஓர் அறை வேண்டும். கல்யாணம் என்றால் ஊரே கூடி உட்கார இடம் வேண்டும். ஆண்கள் கடல் கடந்து போயிருக்கும்போது பெண்களும் பிள்ளைகளும் பாதுகாப்பாகப் புழங்க வேண்டும். அறைகள் பொருள் வைக்கவும் படுக்கவும் பயன்பட, பகல் வாழ்க்கை முற்றத்தைச் சுற்றிய நிழலான தாழ்வாரத்தில் நடந்தது. அங்கே வாழ்ந்தவர்களின் தேவையும் நம் ஊர் வெயிலும் சேர்ந்துதான் அந்த வடிவத்தைத் தந்தன. ஆகவே 360 சதுர அடி வீட்டுக்கு முற்றத்தை அப்படியே நகலெடுப்பது விடையாகாது. அந்தக் குடும்பத்துக்கு என்ன தேவை என்று முதலில் கேட்க வேண்டும்.

இந்த வீடுகளை வெளியுலகமும் கவனித்திருக்கிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. கோத்தமங்கலத்திலுள்ள சாரதா விலாசத்தை பெர்னார்ட் டிராகன், மிஷேல் அட்மான் என்ற இரு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் பழுதுபார்த்து விருந்தினர் இல்லமாக நடத்தி வருகிறார்கள்.

இரண்டாம் பாடவேளை: சிறிய அலுவலகம் எப்படி வேலை செய்கிறது?

கட்டட வடிவமைப்பாளர் என்றதும் கணினியும் பளபளப்பான படங்களும்தான் மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. அந்த எண்ணத்தை மாற்ற, லாரி பேக்கரின் பணியை எடுத்துக்காட்டினேன்.

பேக்கர் 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். 1945இல் இந்தியாவுக்கு வந்து, பின்னாளில் திருவனந்தபுரத்தில் நிலைத்தார். 2007இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பெரிய அலுவலகமும் உதவியாளர் கூட்டமும் அவருக்குக் கிடையாது. ஒருபுறம் எழுதிய பழைய தாள்களின் பின்பக்கத்தில் வரைவார். வீட்டுக்காரரோடு பேசி, அவர்களின் பழக்கவழக்கங்களைத் தெரிந்துகொண்டு, மனையின் சரிவையும் மரங்களையும் பார்த்தபிறகே கோடு போடுவார். கட்டும்போது தாமே களத்தில் நின்று கொத்தனார்களோடு சேர்ந்து மாற்றங்கள் செய்வார். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் 1970களில் அவர் இவ்வாறு உருவாக்கியது.

அவர் பரப்பிய இரண்டு உத்திகளை மாணவர்கள் கரும்பலகையில் வரைந்தார்கள். ஒன்று 'எலிப்பொறிக் கட்டு'. செங்கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்கும்போது, ஒன்பது அங்குலச் சுவரின் நடுவே காற்றறை உண்டாகிறது. செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. மற்றொன்று, கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில், கம்பிகளுக்கு இடையே பழைய ஓடுகளை வைத்து நிரப்பும் தளம். தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், கான்கிரீட் அல்ல. அங்கே ஓடு வைத்தால் சிமெண்ட் குறையும், எடையும் குறையும். உலகக் கரியமில வாயு வெளியீட்டில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் தயாரிப்பால் வருகிறது என்பதையும் இங்கே இணைத்துச் சொல்லலாம்.

வேலையின் வரிசையை மாணவர்கள் தங்கள் சொற்களில் எழுதினார்கள்: கேள், பார், அள, கணக்கிடு, வரை, காட்டு, திருத்து.

மூன்றாம் பாடவேளை: வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை

ஐந்து குழுக்களும் கலந்து பேசிக் கேள்விப் பட்டியல் தயாரித்தன. 'உங்களுக்கு எத்தனை அறை வேண்டும்?' போன்ற கேள்விகளே முதலில் வந்தன. "நாளின் ஒவ்வொரு மணியிலும் வீட்டில் யார், எங்கே இருப்பார்கள் என்று தெரியும்படி கேளுங்கள்" என்று வழிகாட்டியபின் பட்டியல் இவ்வாறு அமைந்தது.

1. காலை, மதியம், மாலை, இரவு ஆகிய வேளைகளில் வீட்டில் யார் யார் இருப்பார்கள்?
2. இப்போதைய வீட்டில் மே மாத மதியம் எங்கே உட்காருகிறீர்கள்?
3. இரவில் மின்சாரம் போனால் எங்கே படுக்கிறீர்கள்?
4. சமையல் எத்தனை மணிக்கு? விறகா, எரிவாயுவா? புகையும் சூடும் எப்படி வெளியேறுகின்றன?
5. இரவில் ஜன்னலைத் திறந்து வைப்பீர்களா? இல்லையென்றால் ஏன்?
6. மனையிலுள்ள மரங்களில் எதை வெட்டக்கூடாது?
7. பின்னாளில் மாடி எடுக்கும் எண்ணம் உண்டா?
8. பணம் குறைந்தால் எதைக் கைவிடுவீர்கள், எதைக் கைவிட மாட்டீர்கள்?

பட்டியலோடு மனைக்குச் சென்றோம். மேற்கே சாலையைப் பார்த்த மனை. சாலையோரத்தில் ஒரு வேப்பமரம். மேஸ்திரி திட்டமிட்டிருந்த வீடு 24 அடி நீளம், 15 அடி அகலம். படுக்கையறை சாலைப் பக்கம், அதாவது வடமேற்கு மூலையில். அதற்கு மேற்குப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். பகலில் அந்த அறையில் இருக்கப்போவது யார் என்று மாணவர்கள் கேட்டார்கள். "எங்க அப்பத்தாதான். அவங்களால எழுந்து நடக்க முடியாது" என்றாள் மாணவி. அவளுடைய அம்மா, "இப்ப இருக்கிற வீட்லயும் இதே மேற்குப் பக்கம்தான் டீச்சர். நாலு மணிக்கு மேல சுவர்ல கை வைக்க முடியாது. கட்டிலை நடுவுல இழுத்துப் போடுவோம்" என்றார்.

ஐந்தாம் கேள்விக்கு வந்த விடையும் முக்கியமானது. இரவில் ஜன்னலைத் திறப்பதே இல்லை. காரணம் கொசு. ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கொசுவலை அடிக்காவிட்டால் அது சுவருக்குச் சமம் என்று ஒரு மாணவர் குறிப்பேட்டில் எழுதினார்.

நான்காம் பாடவேளை: சூரியனும் முக்கோணவியலும்

காரைக்குடி ஏறத்தாழ 10° வட அட்சரேகையில் உள்ளது. இந்த ஓர் எண்ணிலிருந்து பல கணக்குகள் பிறக்கின்றன.

டிசம்பர் 21 அன்று உச்சிவேளையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். உயரக்கோணம் 90 − 10 − 23.5 = 56.5°. ஜூன் 21 அன்று சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். உயரக்கோணம் 90 − (23.5 − 10) = 76.5°. ஒரு மீட்டர் குச்சியை நிறுத்தினால் டிசம்பரில் நிழல் வடக்கு நோக்கிச் சுமார் 66 செ.மீ., ஜூனில் தெற்கு நோக்கிச் சுமார் 24 செ.மீ. விழும். ஜூன் மாத நண்பகலில் நிழல் தெற்கே விழும் என்பது பல மாணவர்களுக்குப் புதிய செய்தி. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும், குச்சிக்கு நிழலே இராது. ஆகஸ்ட் நாள் பள்ளி வேலைநாளாக அமைந்தால் தவறவிட வேண்டாம். நம் கடிகாரம் 82.5° கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுவதால், காரைக்குடியில் உச்சிவேளை சராசரியாக 12.15ஐ ஒட்டி வருகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி ஜன்னலுக்கு வருவோம். ஜன்னலின் உயரம் 4 அடி. அதன் மேல்விளிம்பில் உள்ள சன்ஷேடு எவ்வளவு நீண்டால் நண்பகலில் ஜன்னல் முழுவதும் நிழலில் இருக்கும்? ஜன்னல் உயரத்தை உயரக்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பால் வகுக்க வேண்டும்.

தெற்கு ஜன்னல், டிசம்பர் 21: 4 ÷ 1.51 = ஏறத்தாழ 2.65 அடி.
வடக்கு ஜன்னல், ஜூன் 21: 4 ÷ 4.17 = ஏறத்தாழ 1 அடி.
மேற்கு ஜன்னல், மாலை 4 மணி கடந்து சூரியன் 30° உயரத்தில் இருக்கும்போது: 4 ÷ 0.577 = ஏறத்தாழ 7 அடி.

மூன்று விடைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியதும் வகுப்பே பேசத் தொடங்கியது. வடக்கில் ஓரடி போதும், மேற்கில் ஏழடி வேண்டும். பழைய வீடுகள் ஏன் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கின்றன என்ற கேள்விக்கு மாணவர்களே விடை கண்டார்கள்.

அடுத்து மேற்குச் சுவரையே எடுத்துக்கொண்டோம். 7 அடி உயரத்தில் 2 அடி நீளச் சன்ஷேடு இருந்தால், 30° வெயிலில் அதன் நிழல் 2 × 0.577 = 1.15 அடி மட்டுமே இறங்கும். அதற்குக் கீழே ஏறத்தாழ 5.85 அடிச் சுவர் வெயிலில் காயும். மாறாக, நுனி 6.5 அடி உயரத்தில் இருக்கும்படி 6 அடி நீளத்துக்குத் தாழ்வாரம் இறக்கினால், நிழல் 6 × 0.577 = 3.46 அடி இறங்கும். வெயில் படுவது சுவரின் கீழ் 3 அடி மட்டுமே. நீளத்தோடு நுனியின் தாழ்வும் சேர்ந்தே நிழலைத் தருகிறது. பழைய திண்ணைகளுக்குள் குனிந்து நுழைய வேண்டியிருப்பதன் காரணமும் இதுதான் என்றார் ஒரு மாணவர்.

ஐந்தாம் பாடவேளை: கூரையும் காற்றும்

நம் ஊரில் ஒரு மாடியற்ற வீட்டுக்குள் வெப்பம் இறங்கும் பெரிய வழி கூரை. நாள் முழுவதும் நேர்வெயில் படும் பரப்பு அதுதான். கான்கிரீட் தளம் பகலில் வெப்பத்தை உள்வாங்கி, மாலையிலும் இரவிலும் கீழ்நோக்கி விடுகிறது. வெளியே காற்று குளிர்ந்தபிறகும் அறைக்குள் புழுங்குவது இதனால்தான்.

இதை உணர்த்த எளிய சோதனை ஒன்று. ஒரே அளவுள்ள நான்கு அட்டைப்பெட்டிகளை வெயிலில் வைக்கவும். ஒன்றின் மேல்பரப்புக்குக் கறுப்பு வண்ணம், ஒன்றுக்குச் சுண்ணாம்பு வெள்ளை, ஒன்றின்மேல் சிறு இடைவெளி விட்டு இன்னோர் அட்டை, ஒன்று அப்படியே. ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பநிலைமானியைச் செருகி, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வரைபடம் வரையச் செய்யலாம். வெப்பநிலைமானியின் குமிழில் நேர்வெயில் படக்கூடாது. வெள்ளைப் பரப்பு கதிர்வீச்சைத் திருப்பி அனுப்புவதையும், காற்று இடைவெளி கடத்தலைக் குறைப்பதையும் மாணவர்கள் தாங்களே எடுத்த எண்களிலிருந்து கண்டறிவார்கள். தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை அறிவித்திருப்பதைச் செய்தியாகச் சொல்லலாம்.

காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. மத்திய அரசின் ஆற்றல் திறன் அமைப்பு 2018இல் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பை வீடுகளுக்காக வெளியிட்டது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில், திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 16.66 விழுக்காடு, அதாவது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது அது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளை மனத்தில் கொண்ட விதி என்றாலும், சிறிய வீட்டுக்கும் அளவுகோலாகக் கொள்ளலாம். 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. வேண்டிய திறப்பு 20 சதுர அடி. 4 அடிக்கு 4 அடி ஜன்னல்கள் இரண்டு இருந்தால் 32 சதுர அடி. ஆனால் அவை தள்ளித் திறக்கும் வகையாக இருந்தால் பாதிதான் திறக்கும், 16 சதுர அடியே கிடைக்கும். பின்னமும் விழுக்காடும் இங்கே வீட்டுக்கு வருகின்றன. இந்தக் கணக்கை எங்கள் வகுப்பறைக்கும் போட்டுப் பார்த்தோம். உங்கள் வகுப்பறைக்கும் போட்டுப் பாருங்கள்.

ஆறாம் பாடவேளை: வீட்டுக்காரரும் மேஸ்திரியும் வகுப்புக்கு வந்தார்கள்

ஐந்து குழுக்களும் வரைபடத் தாளில் ஓரடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வரைந்த திட்டங்களை மாணவியின் பெற்றோரிடமும் மேஸ்திரியிடமும் விளக்கின. அவர்கள் வெறும் பார்வையாளர்களாக இருக்கவில்லை. ஒவ்வொன்றையும் எடைபோட்டார்கள்.

ஒரு குழு வரைந்திருந்த முற்றத்தை அம்மா உடனே மறுத்தார். "இருக்கிறதே கையகல இடம். அதுல மழையை வேற உள்ள விடணுமா?" இன்னொரு குழு ஓடு நிரப்பிய தளத்தைப் பரிந்துரைத்தது. மேஸ்திரி பொறுமையாகச் சொன்னார்: "நல்ல வேலைதான் தம்பி. நான் செஞ்சதில்ல. தெரியாத வேலையை இவங்க வீட்டுத் தளத்துல பழகக் கூடாது. இன்ஜினியரும் ஒத்துக்கணும்." சமையலறையை வேறு மூலைக்கு மாற்றிய குழுவிடம், அக்கினி மூலையை மாற்ற முடியாது என்று அப்பா சொன்னார். மாணவர்கள் அதை ஏற்றுக்கொண்டு, தென்கிழக்கிலேயே அடுப்படியை வைத்து, புகை போக உயரத்தில் ஒரு வென்டிலேட்டர் சேர்த்தார்கள். வீட்டுக்காரரின் நம்பிக்கையும் வடிவமைப்பின் ஓர் எல்லைக்கோடுதான். அதற்குள் நின்று தீர்வு தேடுவதும் ஒரு திறன்.

ஏற்கப்பட்டவை நான்கு. படுக்கையறை ஜன்னல் மேற்கிலிருந்து வடக்குக்கு மாறியது. இதற்குக் கூடுதல் செலவே இல்லை. மேற்குச் சுவரில் வாசலும், காற்று வெளியேற மேலே சிறு வென்டிலேட்டரும் மட்டும். மேற்குப் பக்கம் முழுவதும் பழைய ஓடு வாங்கி ஆறடித் தாழ்வாரம் இறக்குவது என்று முடிவானது. ஜல்லி, மணல் இறக்க வெட்டுவதாக இருந்த வேப்பமரத்தை விட்டுவிட்டு, பக்கத்து மனைக்காரரிடம் கேட்டு வேறு பக்கம் வழிவிடுவதாக மேஸ்திரி சொன்னார். மாடி எடுக்கும் எண்ணம் இருந்ததால் மொட்டைமாடிக்கு விலை கூடிய ஓடு பதிக்காமல், ஆண்டுதோறும் கோடைக்கு முன் சுண்ணாம்பு வெள்ளை அடிப்பது என்றானது.

தாழ்வாரத்தின் நுனி உயரம் பற்றி நீண்ட பேச்சு நடந்தது. மேஸ்திரி வழக்கமாக ஏழரை அடி வைப்பவர். ஒரு மாணவி எழுந்து 3.46 அடிக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினாள். அவர் தாளை வாங்கிப் பார்த்து, "ஆறரை சரி. முட்டாம இருக்க வாசல் நேரா மட்டும் கொஞ்சம் தூக்கிக்குவோம்" என்றார். படித்த கணக்கைத் தொழில் தெரிந்த ஒருவர் எடுத்துக்கொண்டு மேம்படுத்துவதை மாணவர்கள் அன்று பார்த்தார்கள். வகுப்பில் வழக்கமாக வாய் திறக்காத பலர், தங்கள் வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பேசத் தொடங்கியதும் அன்றுதான்.

மின் அலகுக் கணக்கு

வெயிலைத் தடுத்து, காற்றை விட்டபிறகே கருவிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று வரிசை வகுத்துக்கொண்டோம். பழைய வகை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட். பி.எல்.டி.சி. வகை ஏறத்தாழ 30 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் முறையே 0.9 அலகும் 0.36 அலகும் ஆகும். நம் மின்கட்டணக் காலமான இரண்டு மாதத்துக்கு, அதாவது 60 நாளுக்கு, 54 அலகும் 21.6 அலகும். ஒரு மின்விசிறியில் மட்டும் 32.4 அலகு வேறுபாடு. வீடுகளுக்கு முதல் 100 அலகு கட்டணமில்லை என்பதால், சிறிய குடும்பம் அந்த எல்லைக்குள் நிற்பதா தாண்டுவதா என்பதை இந்த வேறுபாடே முடிவுசெய்யக்கூடும். மாணவர்கள் தங்கள் வீட்டு மின் அட்டையைக் கொண்டு இந்தக் கணக்கைத் தொடரலாம்.

தொடக்க வகுப்புகளுக்கு

மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகள் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் ஒரே இடத்தில் நின்று, தம் நிழலைச் சுண்ணக்கட்டியால் வரையலாம். கறுப்புத் துணி, வெள்ளைத் துணி, ஓட்டுச் சில்லு, தகரத் துண்டு, ஆத்தங்குடிக் கல் ஆகியவற்றைச் சிறிது நேரம் வெயிலில் வைத்து, ஆசிரியர் தொட்டுப் பார்த்தபின் குழந்தைகள் தொட்டு வரிசைப்படுத்தலாம். 'எங்கள் வீட்டில் தாத்தா பாட்டி மதியம் எங்கே இருப்பார்கள்?' என்று நான்கு வரி எழுதச் சொல்லலாம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வானவில் மன்ற நேரத்தில் அட்டைப்பெட்டிச் சோதனை பொருந்தும்.

ஆசிரியர்கள் கவனிக்க

வீடு கட்டும் குடும்பம் கிடைக்காவிட்டால் சத்துணவுக் கூடமோ, அங்கன்வாடியோ, உங்கள் வகுப்பறையோ வாடிக்கையாளர் ஆகலாம். சத்துணவு சமைப்பவரிடம் கேள்விப் பட்டியலோடு மாணவர்கள் போகட்டும். அவர் அளவுக்கு வெப்பத்தை அறிந்தவர் பள்ளியில் வேறு யாரும் இல்லை. குடும்பத்தின் பண நிலைமை வெளிப்படும் கேள்விகளை வகுப்பில் பொதுவாகப் பேசாமல், பெற்றோரிடம் ஆசிரியர் தனியே கேட்பது நல்லது. தளம், தூண், கம்பி போன்ற பாதுகாப்பு தொடர்பானவற்றில் பொறியாளர் சொல்வதே முடிவு என்பதை மாணவர்களுக்குத் தெளிவுபடுத்த வேண்டும்.

மதிப்பீட்டில் வரைபடத்தின் அழகுக்கு மதிப்பெண் வைக்கவில்லை. வீட்டுக்காரர் சொன்ன எந்தச் செய்தி திட்டத்தின் எந்தக் கோட்டில் வந்திருக்கிறது என்று காட்டுவதற்குப் பாதி மதிப்பெண். கணக்கின் துல்லியத்துக்குக் கால் பங்கு. மறுப்பைக் கேட்டுத் திருத்தியதற்குக் கால் பங்கு. கட்டடக் கலையில் ஆர்வம் கொண்ட மாணவர்களுக்கு, பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தோடு முடித்து 'நாட்டா' நுழைவுத் தேர்வு எழுதி ஐந்தாண்டு பி.ஆர்க். படிப்பில் சேரலாம் என்பதை 'நான் முதல்வன்' வழிகாட்டல் நேரத்தில் சொல்லலாம்.

வரும் கல்வியாண்டில் உங்கள் வகுப்பில் யாருடைய வீட்டிலாவது கடைக்கால் தோண்டவிருக்கிறார்களா என்று ஜூன் மாதத்திலேயே விசாரித்து வையுங்கள். கயிறு பிடிப்பதற்கு முன்னால் மாணவர்கள் மனைக்குப் போய்விட வேண்டும். சுவர் எழும்பியபின் சொல்லும் கணக்கு தேர்வுத்தாளுக்கு மட்டும்தான் உதவும்.